சும்மா ஒரு ரவுண்டு

சாவியை வாங்க நான்தான் கை நீட்டினேன். ஷோரூம் பையன் அதை என் தம்பியிடம் கொடுத்தான். அவமதிக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்திருந்தான்; போட்டோவுக்கு. நிஜச் சாவி தம்பிக்கு. தேங்காய் உடைந்தது, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். கிளம்பும்போது அவன் அக்கறையோடு சொன்னான்: "மொத ஆயிரம் கிலோமீட்டர் சாரே ஓட்டட்டும் மேடம். இன்ஜின் செட் ஆயிட்டா அப்புறம் நீங்க தாராளமா ஓட்டலாம்."

கடன் என் பெயரில். ஆர்சி என் பெயரில். எட்டு வருடமாகப் பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் பக்கம் உள்ள பள்ளிக்குப் பழைய கார் ஒன்றை ஓட்டிப் போய்வருகிறவள் நான். தம்பி சென்னையில் பைக் ஓட்டுகிறவன். ஆனாலும் புது இயந்திரத்தை முதலில் தொடும் கை எது என்ற கேள்விக்கு அந்தப் பையனிடம் யோசிக்காமலே ஒரு பதில் இருந்தது. எங்கள் யாரிடமும் அதற்கு மறுபதில் இருக்கவில்லை. நானும் தலையாட்டிவிட்டுப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலைப் பற்றியது.

வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் விளம்பரமாகிவிடும். சின்ன கார்தான், பின்கதவு மேலே திறக்கும் ஹேட்ச்பேக். ஆனால் டர்போ இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், உறுமலாக வடிவமைத்த சைலன்சர், சீட்டில் சிவப்பு நூல் தையல். இந்த வகைக்கு உலகம் முழுக்க 'ஹாட் ஹேட்ச்' என்று பெயர்.

அன்று மாலையே தம்பி, "அக்கா, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று எடுத்துக்கொண்டு போனான். திட்டக்குடி வழியாகத் தொழுதூர் போய், திருச்சி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டான். திரும்பி வந்தபோது மீட்டரில் 86 கிலோமீட்டர் கூடியிருந்தது. "செம்மயா இழுக்குதுக்கா, ரெட்லைன் வரைக்கும் போயிப் பாத்தேன்" என்றான். இன்ஜினைப் பக்குவப்படுத்த நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆண், முதல் நாளே கையேட்டின் முதல் விதியை உடைத்திருந்தான். கையேட்டை அவன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டு முறை படித்திருந்தேன்.

*

'ரன்னிங் இன்' என்று சொல்லப்படும் இந்தக் காலத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? சிலிண்டரின் உட்சுவரைத் தொழிற்சாலையில் கண்ணாடி போல வழவழப்பாக விடுவதில்லை. மெல்லிய குறுக்குக் கோடுகள் இழைக்கிறார்கள். எண்ணெய் அந்தக் கோடுகளில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் மேலும் கீழும் உரசி, கோடுகளின் கூர்முனைகளைத் தேய்த்து, சுவரோடு பொருந்திப்போகும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம். ஆகவே இன்ஜினுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால்தான் வளையம் பொருந்தும். பெரும்பாலான கையேடுகள் சொல்வது இதுதான்: முதல் 1000 கிலோமீட்டருக்கு 4000 சுற்றுக்கு மேல் போகாதீர்கள், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாதீர்கள், சடன் பிரேக் போடாதீர்கள், நின்ற இடத்திலேயே வெகுநேரம் இன்ஜினை ஓட விடாதீர்கள். இன்றைய இன்ஜின்கள் முன்பைவிட நுணுக்கமாகக் கடையப்படுவதால் பழைய கெடுபிடி தேவையில்லை. ஆனாலும் பிரேக் பட்டைகளும் டயர்களும் பிடிப்புக்கு வர முதல் சில நூறு கிலோமீட்டர் வேண்டும்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று: அளவுக்கு மீறிய மென்மையும் கேடு. ஒரே சீரான, பயந்த வேகத்தில் மட்டுமே ஓடிய இன்ஜினின் சுவர் மினுமினுப்பாகிவிடும், வளையம் பிடிக்காது, பிறகு ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டேன். எனக்கு எட்டு வருடப் பழக்கம், நல்ல மனிதர். "புதுப்பொண்ணு மாதிரி டீச்சர். கொஞ்ச நாளைக்கு அதட்டக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் என்னை உறுத்தியது 'புதுப்பொண்ணு' என்பதைவிட, 'கொஞ்ச நாளைக்கு' என்பதுதான். வண்டியைப் பழக்குவது, மாட்டை ஏருக்குப் பழக்குவது, யானையைப் பழக்குவது, வீட்டுக்கு வந்த மருமகளைப் பழக்குவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்திருக்கிறோம். பேனா, வண்டி, பெண்டாட்டி மூன்றையும் இரவல் தரக்கூடாது என்று பட்டறைகளில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பட்டியலில் பெண் ஓட்டப்படுகிற இடத்தில் இருக்கிறாள். அவளே ஓட்டுகிறவளாக வந்து நின்றால் பழமொழி தடுமாறுகிறது. ஷோரூம் பையன் தடுமாறியது போல.

ஆனால் முதல் காரின் முதல் நெடும்பயணத்தை ஓட்டியது யார்? 1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் ஒட்டிக்கொண்டார். கணவரின் பட்டறைக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்ததும் அவர்தான், தன் சீதனத்திலிருந்து. இவ்வளவும் இன்று கம்பெனிகளின் விளம்பரப் படங்களில் 'கணவரின் மேல் நம்பிக்கை வைத்த மனைவி'யின் கதையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பயணத்தில் அவர் செய்தது இயந்திரத்தைச் சோதித்துப் பழுது கண்டுபிடிக்கிற வேலை; இன்றைய மொழியில் ஒரு டெஸ்ட் இன்ஜினியரின் வேலை. மனைவி என்ற சொல்லுக்குள் அந்த வேலை மறைந்துபோகிறது.

*

ஹாட் ஹேட்ச்சை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம். இந்த வகையின் முன்மாதிரி என்று எல்லோரும் சொல்வது 1976இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. குடும்பத்துக்கான சின்ன காரில் 110 குதிரைத்திறன். வேகத்தின் அடையாளமாக அந்தக் காரை நினைக்கிறவர்கள் மனதில் வருவது இரண்டு பொருள்கள்: கட்டம் போட்ட சீட்டுத் துணி, கோல்ஃப் பந்து போன்ற கியர் குமிழ். இரண்டும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்ணின் யோசனை. பீங்கானில் ஓவியம் தீட்டக் கற்றவர், மிட்டாய்ப் பெட்டிகளுக்கு வடிவமைப்புச் செய்தவர், 1964இல் அந்த நிறுவனத்தின் துணி, வண்ணப் பிரிவில் சேர்ந்தவர். ஐம்பது வருடமாக 'ஆண்களின் பொம்மை' என்று சொல்லப்படும் ஒன்றின் முகத்தை ஒரு பெண் வரைந்திருக்கிறாள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது துணியும் நிறமும்தான். இன்ஜின் அறை கிடைக்கவில்லை.

இதற்கு நேரெதிர் உதாரணம் அமெரிக்காவில் 1955இல் வந்த டாட்ஜ் லா ஃபெம். ரோஸ் நிறம், ரோஜாப்பூத் துணி, பொருத்தமான கைப்பை, லிப்ஸ்டிக் உறை, மழைக்கோட்டு, குடை. இரண்டே வருடத்தில் நின்றுபோனது. பெண்ணுக்கென்று செய்த காரில் புதிதாக இருந்தது கைப்பை மட்டுமே. நம்மூரில் இந்த வேலையை ஸ்கூட்டர் விளம்பரங்கள் செய்தன. இன்பம் என்ற பொருளில் 'பிளஷர்' என்றே பெயர் வைத்த ஸ்கூட்டர்கூட வந்தது. பெண்ணின் இன்பத்துக்கு இவ்வளவு சிசி போதும் என்று யாரோ அளந்து வைத்தது போல.

இந்திய ஹாட் ஹேட்ச்சுக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு: வரி. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. அதனால்தான் 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனில் ஒரு லிட்டர் டர்போ, 2024இல் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசரில் 1.2 லிட்டர் டர்போ. இரண்டும் 120 குதிரைத்திறன். என் லைன் அறிமுகமானபோது சாதாரண ஐ20 டர்போவிலும் அதே இன்ஜின், அதே திறன்தான் இருந்தது. கூடுதலாகக் கிடைத்தவை சஸ்பென்ஷன், சைலன்சர் சத்தம், சிவப்பு பிரேக் காலிபர், சிவப்புத் தையல். வீரம் என்று விற்கப்படுவதில் பாதி ஒப்பனை. ஒப்பனைக்குப் பணம் செலவழிக்கிறார்கள் என்று பெண்களைக் கேலி செய்கிற சமூகம், காரின் சிவப்பு நூலை 'ஸ்போர்ட்டி' என்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். எனக்கும் அந்தச் சிவப்பு நூல் பிடித்திருந்தது. பிடித்ததை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையாகாது.

*

அந்த சீட்டில் உட்கார்ந்தவுடன் தெரிகிற விஷயம் ஒன்று: அது எனக்காக அளந்தது இல்லை. என் உயரம் ஐந்தடி. கிளட்சை முழுக்க மிதிக்க சீட்டை முன்னால் இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சுக்கு அருகில் வருகிறது. பெல்ட் கழுத்தை உரசுகிறது. கையேட்டில் ஏர்பேக்கிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் கால் எட்டாது.

இது என் ஒருத்தியின் உடற்கோளாறு இல்லை. முன்மோதல் சோதனைகளில் ஓட்டுநர் இடத்தில் வழக்கமாக உட்காரும் பொம்மை நடுத்தர ஆண் உடல்: சுமார் 175 சென்டிமீட்டர், 78 கிலோ. சில சோதனைகளில் வருகிற 'பெண் பொம்மை', 50 கிலோவுக்கும் குறைவான, அதே ஆண் உடலின் சுருங்கிய வடிவம். அமெரிக்காவில் 1998 முதல் 2008 வரையிலான விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயமடையும் வாய்ப்பு பெல்ட் அணிந்த ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்றது. ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு, சராசரிப் பெண்ணின் உடலமைப்பில், 162 சென்டிமீட்டர், 62 கிலோவில் ஒரு பொம்மையை 2022இல்தான் செய்து காட்டியது. பெர்த்தா பென்ஸ் ஓட்டிப்போய் 134 வருடம் கழித்து. ஐந்து நட்சத்திரம் என்று ஸ்டிக்கர் ஒட்டும்போது, யாருடைய விலா எலும்புக்கு ஐந்து நட்சத்திரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் தற்காலிகத் தீர்வு, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லா அளவுக் கோளாறுக்கும் கண்டுபிடித்த தீர்வும் இதுதான்: இருக்கிறதற்குள் தலையணை வைத்துச் சமாளிப்பது.

*

இரண்டாம் நாள் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். தம்பி கோபப்படவில்லை, "பாத்து ஓட்டுக்கா" என்றான். அவனுக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

மீதி 900 சொச்சம் கிலோமீட்டரை மூன்று வாரத்தில் ஓட்டினேன். விருத்தாசலம், நெய்வேலி, வடலூர். ஒரே வேகத்தில் போகக் கூடாது என்ற விதி எங்கள் சாலைகளில் தானாகவே நிறைவேறிவிடும். கரும்பு டிராக்டர், ஆடு, ஷேர் ஆட்டோ, வேகத்தடை. டர்போ இன்ஜினில் ஒரு வினோதம் உண்டு. 1500 சுற்றிலிருந்தே இழுவிசை முழுக்க வந்துவிடும். 4000க்குக் கீழே அடங்கி ஓட்டினாலும் வண்டியின் பலம் காலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பலம் இருக்கிறது, இப்போது எடுக்கவில்லை, எடுக்காமலிருப்பது என் முடிவு. அடங்கியிருப்பது எனக்குப் பழக்கம்தான்; நானே முடிவெடுத்து அடங்கியிருந்த அனுபவம்தான் புதிது.

வழியில் கேட்கப்பட்ட கேள்வி எப்போதும் ஒன்றே: "எங்க டீச்சர், ஸ்கூலுக்கா? ஆஸ்பத்திரிக்கா? கோயிலுக்கா?" மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். பெண்ணின் நகர்வுக்கு நாம் எப்போதும் காரணம் கேட்கிறோம். நம் நல்ல திட்டங்களிலும் இது இருக்கிறது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் லட்சக்கணக்கில் பெண்களை சைக்கிள் ஓட்ட வைத்தது பெரிய புரட்சி. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் வந்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூன்றையும் நான் கொண்டாடுகிறேன். என் அம்மா அந்த பஸ்ஸில்தான் போகிறாள். ஆனால் அவற்றை நியாயப்படுத்தும் மொழியைக் கவனியுங்கள்: கல்வி, வேலை, குடும்ப வருமானம், சேமிப்பு. பெண் நகர்ந்தால் குடும்பத்துக்கு என்ன லாபம் என்ற கணக்கு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம், காரணமின்றிப் பொதுவெளியில் திரியும் உரிமையைக் கேட்டது. தமிழில் அதற்கு ஒரே சொல் போதும்: சும்மா. தம்பி 86 கிலோமீட்டர் போனது சும்மாதான். ஹாட் ஹேட்ச் என்பதே சும்மா போவதற்கான வண்டி. பள்ளிக்குப் போக என் பழைய கார் போதும். அதனால்தான் இதை யாரிடமும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

*

எங்கள் ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் கதை: தேவலோகப் பெண்கள், ஆ, கடம் (யானை) மூவரும் வழிபட்ட இடம் பெண்ணாகடம். கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்று பெயர். விமானம் படுத்த யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். இந்த ஊர்க்காரர்தான் பெரியபுராணத்தில் வரும் கலிக்கம்ப நாயனார். சிவனடியார்களின் பாதம் கழுவி உணவிடுவது அவர் தொண்டு. மனைவி நீர் வார்க்க வேண்டும். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவர்கள் வீட்டில் வேலை செய்து விட்டுப் போனவர். மனைவி ஒரு கணம் தயங்குகிறாள். நாயனார் அவள் கையை வெட்டிவிட்டு, தானே நீர் வார்த்துப் பாதம் கழுவுகிறார்.

சிறுவயதில் இதைச் சமத்துவக் கதையாகக் கேட்டேன். அந்தத் தயக்கத்தில் மேட்டிமை இருந்தது உண்மை. ஆனால் அந்த மனிதரை வேலைக்கு வைத்திருந்த வீட்டின் தலைவர் யார்? மேட்டிமை வீட்டுடையது, வெட்டுப்பட்டது அவள் கை. அவருடைய புண்ணியத்துக்கான கருவியாக இருந்த வரை அந்தக் கை தேவைப்பட்டது. ஒரு கணம் தானாக நின்றபோது தேவைப்படவில்லை. அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவில் சிரிக்கும் என் கையைப் பார்க்கும்போது இந்தக் கதை ஞாபகம் வருகிறது.

கதையின் இன்னொரு பக்கத்தையும் நான் தவிர்க்க முடியாது. அவள் தயங்கியது தன்னைவிடக் கீழே என்று நினைத்த ஒருவர் முன்னால். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து, ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிற என் கையில் அந்த மேட்டிமை இல்லையா? கடன் வாங்கி வாங்கிய சுதந்திரம் எல்லாப் பெண்களுக்குமான சுதந்திரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆண்கள் செய்த வேகத்தை நானும் செய்தால் பெண்ணியமாகிவிடாது. எங்கள் சாலையோரம் நடந்து போகிறவர்களுக்கு, ஸ்டியரிங்கில் யார் கை என்பதைவிட வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஆயிரமாவது கிலோமீட்டர் தொழுதூர் போகும் வழியில் வந்தது. முன்னால் ஒரு சரக்கு வண்டி. கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும் பெண்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள், கையில் வெட்டுக்கத்தியும் சாப்பாட்டுத் தூக்கும். டர்போ இன்ஜினுக்கு அதை முந்துவது மூன்று விநாடி வேலை. எதிரே பஸ் வந்தது. முந்தவில்லை. திருப்பம் வரை அவர்களுக்குப் பின்னாலேயே முப்பதில் போனேன். அவர்களில் ஒருத்தி என் வண்டியைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று தெரியாது. நானும் சிரித்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியபின், முன்னும் பின்னும் யாருமில்லாத ஒரு நீளத்தில், மூன்றாம் கியரில் 4000ஐத் தாண்டி மிதித்தேன். 5000. 5500. சத்தம் மாறியது. முதுகு சீட்டோடு, தலையணையோடு, அழுந்தியது. நூறைத் தொட்டதும் காலை எடுத்துவிட்டேன். சாலையின் வரம்பு அவ்வளவுதான். மொத்தம் ஏழெட்டு விநாடி இருக்கும். நன்றாக இருந்தது. அதற்கு வேறு எந்தப் பயனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "எங்க போயிட்டு வர?"

"எங்கயும் இல்லம்மா. சும்மா ஒரு ரவுண்டு."

"பெட்ரோல் விக்கிற வெலயில சும்மாவா?"

நியாயமான கேள்விதான். தம்பியிடம் அவள் அதைக் கேட்டதில்லை.